கடலோர வீட்டில் கிறிஸ்துமஸ்: மரம், சீரியல் விளக்கு, கேக் தாக்குப்பிடிக்க என்ன வழி?

கரையோரம்:
எங்கள் வீடு வெப்பமண்டலத் தீவில், வாசலில் இறங்கினால் கடல். டிசம்பரிலும் பகலில் 31, 32 டிகிரி, புழுக்கம் வேறு. வெட்டிய ஃபிர் மரம் வாங்கலாமா, தொட்டிச்செடி போதுமா? வெளியே கட்டும் சீரியல் விளக்கு இரண்டாவது வாரமே பாதி அணைந்துவிடுகிறது, ஏன்? விருந்து திறந்தவெளியில், இருட்டிய பிறகு. கிரீம் கேக்கும் மெழுகுவத்தியும் உண்டு.

தொட்டிச்செடி:
ஃபிர் வேண்டாம். வாங்கியே தீருவேன் என்றால் அடித்தண்டில் ஒரு அங்குலம் அறுத்துவிட்டு உடனே தண்ணீரில் நிறுத்துங்கள். சில மணி நேரம் தாமதித்தாலே பிசின் அறுத்த இடத்தை அடைத்துவிடும், அப்புறம் தண்ணீர் ஏறாது. தண்டு நாலு அங்குலம் இருந்தால் நாளுக்கு நாலு லிட்டர் வரை உறிஞ்சும். ஏசி காற்று நேராகப் படக்கூடாது.

தொட்டிச்செடியே போதும், நார்ஃபோக் தீவு பைன் வாங்குங்கள். இந்த அரவுகேரியா பசிபிக் தீவு மரம், உப்புக்காற்று அதற்குப் பழக்கம். கிளைகள் மெலிசு, கண்ணாடி உருண்டை தாங்காது, காகிதமும் துணியும் போதும். நட்சத்திரம் மாட்டுகிறேன் என்று நுனிக்குருத்தை ஒடித்துவிடாதீர்கள், மரத்தின் வடிவமே போய்விடும். மினுமினுப்பு ஸ்ப்ரே அடிக்கவே வேண்டாம். பண்டிகை முடிந்ததும் நேரே வெயிலில் வைத்தால் இலை கருகும். ஒரு வாரம் நிழலில் வைத்துப் பழக்குங்கள்.

முப்பது மில்லி:
பாதி அணைவதற்குக் காரணம்: அந்தச் சரம் உள்ளுக்குள் இரண்டு மூன்று பகுதிகளாகத் தொடராக இணைக்கப்பட்டிருக்கும். ஒரு பகுதியில் ஒரே ஒரு இணைப்பு அரித்தாலும் அந்தப் பகுதி முழுக்கப் போகும். பல்பு கால்களைப் பாருங்கள், செம்பில் பச்சை பூத்திருக்கும். உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்வதால் மழையே இல்லாவிட்டாலும் அரிப்பு நடக்கும்.

விளக்கில் ஐபி எண் பாருங்கள், தூசும் தண்ணீரும் எவ்வளவு புகாது என்று சொல்லும் குறியீடு அது. ஐபி44 சாரலுக்கு மட்டும்தான். கடலோரத்துக்கு ஐபி65, அதுவும் குறைந்த மின்னழுத்த வகை. டிரான்ஸ்ஃபார்மர் வீட்டுக்குள் இருக்கட்டும். மின்கசிவு வந்தால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி கட்டாயம். வயர் இணைப்புக்கு வருமுன் கீழே ஒரு தொங்கல் விடுங்கள், தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். இணைப்பைப் பாலிதீன் பையில் சுற்றி டேப் ஒட்டுவது பலரும் செய்யும் வேலை. உள்ளே வேர்த்து இன்னும் சீக்கிரம் அரிக்கும். சிலிகான் கிரீஸ் தடவினால் போதும். கட்டுவதற்கு இரும்புக் கம்பி வேண்டாம், நைலான் டை நல்லது.

கழற்றியதும் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, நிழலில் இரண்டு நாள் உலர்த்தி, சிலிக்கா ஜெல்லோடு மூடிபோட்ட டப்பாவில் வையுங்கள்.

அடுப்படி:
வெண்ணெய் 32–35 டிகிரியில் உருகிவிடும், 28லேயே தொளதொளக்கும். கிரீமில் பாதி வெண்ணெய்க்குப் பதில் ஷார்ட்டனிங் (கெட்டியான தாவரக் கொழுப்பு) போடுங்கள். வாசனை கொஞ்சம் குறையும், ஆனால் கிரீம் பூ கலையாமல் நிற்கும். ஃபாண்டன்ட் (சர்க்கரை மாவு விரிப்பு) போட்ட கேக்கை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்ததும் அட்டைப்பெட்டியைத் திறக்காதீர்கள். குளிர் இறங்கும் வரை மூடியிருந்தால் வேர்வை பெட்டிமேல் படும், கேக்கில் படாது. என்னைக் கேட்டால் கிரீமை விட்டுவிட்டுப் பழக்கேக் போடுங்கள், தலைவலியே இல்லை.

மெழுகுவத்தி மெலிசாக இருந்தால் வெயில் பட்டாலே வளையும். தேன்மெழுகு 62 டிகிரிக்குமேல்தான் உருகும், அதில் தடிமனாக வாங்குங்கள். காற்றுக்குக் கண்ணாடிக் கூண்டு வேண்டும். அடியில் காற்று புக வழி இல்லாவிட்டால் உள்ளே சூடேறி மெழுகுவத்தி முழுக்கச் சாய்ந்துவிடும்.

கரையோரம்:
நன்றி. மேசையை மணலிலேயே போடலாமா?

முப்பது மில்லி:
முதலில் அன்றைய ஓத அட்டவணையை (கடல் ஏறி இறங்கும் நேரப் பட்டியல்) பாருங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வந்தால் தண்ணீர் வழக்கத்தைவிட மேலே ஏறும். ஆமை முட்டையிடும் கரை என்றால் கடலைப் பார்த்த வெள்ளை விளக்கு கூடாது, குஞ்சுகள் திசை மாறிப் போகும். அங்கே விளக்குகளை வீட்டின் பின்பக்கம் கட்டிவிடுங்கள்.