கை நீட்டினால் சுடும் கோடு: ‘டெட்லைன்’ என்ற சொல்லோடு எங்கள் அனுபவங்கள்

மொழிபெயர்ப்பாளர் ஒருவர்:

பல ஆண்டுகளாக மொழிபெயர்ப்பை நம்பிப் பிழைக்கும் எனக்கு, ‘டெட்லைன்’ என்ற சொல் காதில் விழாத நாளே கிடையாது. அவ்வளவு பழகிய சொல்லே என்னைத் தவறு செய்ய வைத்தது என்பதால் இதை எழுதுகிறேன்.

அமெரிக்க உள்நாட்டுப் போரின் கைதிகளைப் பற்றிய கட்டுரை ஒன்று என்னிடம் வந்திருந்தது. தண்ணீர் மொள்ளப் போன கைதி டெட்லைனைத் தாண்டிக் கை நீட்டியதால் சுடப்பட்டான் என்று அதில் ஒரு வாக்கியம். நான் ‘கெடு முடிந்த பிறகு கை நீட்டியதால்’ என்று எழுதிவிட்டு, தண்ணீர் பிடிக்க நேரம் ஒதுக்கியிருப்பார்கள் போலும் என்று ஒரு காரணத்தையும் நானே கற்பித்துக்கொண்டு அடுத்த பத்திக்குப் போய்விட்டேன். இரண்டு பக்கம் கழித்து, அந்த டெட்லைன் ஓரிடத்தில் உடைந்து கிடந்தது என்று வந்தபோதுதான் திடுக்கிட்டேன். கெடு தவறும், முடியும், நீளும். ஒருபோதும் உடைந்து கிடக்காது.

ஜார்ஜியா மாநிலத்தின் ஆண்டர்சன்வில்லில் 1864 பிப்ரவரியில் தென்மாநிலப் படையினர் திறந்த கைதி முகாமில், உயரமான மரச்சுவருக்குச் சுமார் 19 அடி உட்புறமாகக் கம்புகளை நட்டு, அவற்றின் மேல் மெல்லிய சட்டங்களை அடித்து ஓர் எல்லை வகுத்திருந்தார்கள். அதற்குத்தான் டெட்லைன் என்று பெயர். அதைத் தாண்டுகிறவனைக் காவல் மேடையில் நிற்பவன் சுட்டுவிடலாம். முகாமின் நடுவே ஓடிய ஓடை கழிவு கலந்து நாறியதால், நீர் உள்ளே நுழையும் மேற்குப் பக்கத்தில், எல்லைக்கு அந்தப் புறம் சற்றே தெளிந்திருந்த தண்ணீருக்காகக் கைதிகள் சட்டத்துக்கு அடியில் கை நீட்டினார்கள். சிலர் அப்படியே செத்தார்கள். அங்கே அடைபட்ட சுமார் 45,000 பேரில் கிட்டத்தட்ட 13,000 பேர் பெரும்பாலும் நோயாலும் ஊட்டமின்மையாலும் மாண்டார்கள். முகாம் பொறுப்பாளர் ஹென்றி விர்ஸ் விசாரிக்கப்பட்டு 1865 நவம்பர் 10 அன்று தூக்கிலிடப்பட்டார். கால எல்லை என்ற பொருள் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் அமெரிக்கப் பத்திரிகை அலுவலகங்களில் பரவியது.

அந்தக் கை நீட்டலைப் படித்த பிறகு, ‘டெட்லைன் நெருங்குகிறது’ என்று யாராவது சொல்லும்போதெல்லாம் அந்த மரச்சட்டம் என் கண் முன் வந்து நிற்கிறது. உங்களுக்கும் இந்தச் சொல்லோடு ஏதேனும் நேர்ந்திருந்தால் எழுதுங்கள்.

மின்பாதையில் வேலை செய்பவர் ஒருவர்:

ஐயா, எங்கள் தொழிலில் டெட் லைன் என்றால் மின்சாரம் இல்லாத கம்பி. மின்சாரம் ஓடுவது லைவ் லைன். உங்கள் கைதிக்குச் சாவு தந்த அதே சொல்தான் எங்களுக்கு உயிர் தருகிறது.

ஆனாலும் யாரோ ‘டெட்’ என்று சொன்னதற்காக ஒரு கம்பியைத் தொடக்கூடாது என்பதை வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே கற்றுக்கொண்டேன். கம்பத்தில் ஏறி, மின்சாரத்தை நிறுத்திவிட்டார்கள் என்ற நம்பிக்கையில் கையை நீட்டப் போனேன். கீழே நின்ற மூத்தவர், “தம்பி, கையை எடு! செத்துப்போச்சான்னு நீ பார்த்தியா?” என்று கத்தினார். அவரே ஏறி வந்து, சோதனைக் கருவி வேலை செய்கிறதா என்று மின்சாரம் உள்ள ஓரிடத்தில் முதலில் பார்த்தார்; பிறகு எங்கள் கம்பியில் வைத்தார்; அதன் பிறகு மறுபடியும் முதலிடத்தில் வைத்துப் பார்த்தார். கருவியே பழுதாகியிருந்தால் உயிருள்ள கம்பியும் செத்ததாகத்தானே காட்டும்? அதற்கும் மேல், கம்பியை எர்த் செய்த, அதாவது நிலத்தோடு இணைத்த பின்னரே என்னைத் தொடவிட்டார். பக்கத்தில் இணையாகப் போகும் லைவ் லைன், நிறுத்தி வைத்த கம்பியிலும் மின்னழுத்தத்தைத் தூண்டிவிடும் என்பது அன்றைக்கு எனக்குத் தெரியாது. எர்த் செய்யாத கம்பியை நாங்கள் இன்றும் செத்த கம்பியாகக் கணக்கில் எடுப்பதில்லை.

ஆகவே, அலுவலகத்திலிருந்து “வேலைக்கு டெட்லைன் மாலை ஐந்து” என்று செய்தி வந்தால் என் மனம் ஒரு கணம் கம்பியைத்தான் நினைக்கும்.

அச்சகத்தில் இருந்தவர் ஒருவர்:

பழைய சிலிண்டர் அச்சு இயந்திரத்தில், அச்செழுத்துகளை வைக்கும் படுகையிலும் ‘டெட்லைன்’ என்ற பெயரில் ஒரு வழிகாட்டிக் கோடு உண்டு. அதற்கு அப்பால் எழுத்தை வைத்தால் அச்சில் விழாது. நான் ஒரு முறை கடைசி வரியை இழந்திருக்கிறேன். பத்திரிகைக்காரர்கள் சொல்லும் கால எல்லை இந்தக் கோட்டிலிருந்து வந்ததா, சிறைக் கோட்டிலிருந்து வந்ததா என்று நாமாக முடிவு கட்டிவிட வேண்டாம் என்பது என் கருத்து.

முதலில் எழுதியவர்:

அச்சக நண்பர் சொல்வது சரி. சிறையிலிருந்து நேரே செய்தி அறைக்குச் சொல் வந்துவிட்டதுபோல் நான் எழுதியது அவசரம். நம்முடைய ‘கெடு’விலும் எனக்கு இதே போன்ற அவசரம் இருந்தது. கெட்டுப்போவதோடு தொடர்புள்ள சொல் என்று நெடுநாள் நம்பியிருந்தேன். தெலுங்கில் இதே பொருளுக்குக் ‘கடுவு’ என்கிறார்கள் என்று அறிந்த பிறகு அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டுவிட்டது.

கட்டுரையில் ‘சாவுக்கோடு’ என்று திருத்தி, முதல் முறை வரும் இடத்தில் கம்பும் சட்டமும் கொண்ட எல்லை என்ற விளக்கத்தையும் வாக்கியத்துக்குள்ளேயே சேர்த்தேன். இப்போது அந்தக் கைதி, கெடு முடிந்த பிறகு அல்ல, சாவுக்கோட்டுக்கு அடியில் தண்ணீருக்குக் கை நீட்டுகிறான்.