பால்காரனும் கரி வியாபாரியும்

தம்பி, ஆளுக்கொரு நாவலைப் பற்றிப் பேசலாம்; முதலில் என் பங்குக்கு ஒன்று சொல்கிறேன். ஆனா பேர்ன்ஸ் எழுதி, 2018-இல் புக்கர் பரிசு வாங்கிய 'மில்க்மேன்' நாவலை மூன்று தடவை கையில் எடுத்தேன். மூன்று தடவையும் நாற்பது பக்கத்துக்கு மேல் நகரவில்லை. வாக்கியங்கள் கயிறு மாதிரி நீள்கின்றன, யாருக்கும் பெயர் கிடையாது. கதை சொல்கிறவள் 'நடு சகோதரி'. அவளோடு ஓடப் பயிற்சி எடுப்பவர் 'மூன்றாவது அத்தான்'. காதலனா இல்லையா என்று முடிவாகாதவன் 'ஒருவேளைக் காதலன்'!

நாலாவது தடவை, கரண்ட் போன ஒரு ராத்திரி, டார்ச் வெளிச்சத்தில் வாய்விட்டுப் படித்தேன். அப்போதுதான் பிடிபட்டது. எங்கள் வீட்டில் மட்டும் யார் பெயர் சொல்கிறார்கள்? அம்மாவுக்கு இன்றைக்கும் எல்லாரும் 'சின்ன நாத்தனாரோட மூத்தவன்', 'மாடிவீட்டு மருமக' தான். அதற்கப்புறம் புத்தகம் தானாக ஓடியது.

கதை நடப்பது 1970களின் வட அயர்லாந்தில். நடு சகோதரிக்குப் பதினெட்டு வயது, நடந்துகொண்டே படிக்கிற பழக்கம். ஒருநாள் 'ஐவன்ஹோ' என்ற பழைய நாவலைப் படித்தபடி போகும்போது, ஊர் 'பால்காரன்' என்று சொல்லும் ஆயுதக்குழு ஆள் காரை நிறுத்தி ஏறிக்கொள்ளச் சொல்கிறான். வயது 41, கல்யாணமானவன், பால் விற்பவனும் இல்லை. அவள் ஏறவில்லை. ஆனாலும் ஊர் இருவரையும் சேர்த்துக் கதை கட்டிவிடுகிறது, பெற்ற தாயே அதை நம்புகிறாள். கல்லூரி நாட்களில் பஸ் ஸ்டாப்பில் புத்தகமும் கையுமாக நின்றதற்கே எங்கள் தெரு என்னைப் பற்றி என்னென்னவோ பேசியது. அந்த இடத்தில் கொஞ்ச நேரம் புத்தகத்தை மூடிவைத்தேன்.

*

அக்கா, நீங்கள் சொன்ன நாவலில் ஊர் பேசியே கொல்கிறது. நான் படித்ததில் ஊர் வாயே திறக்காது. கிளேர் கீகனின் 'ஸ்மால் திங்ஸ் லைக் தீஸ்', 2021-இல் வந்தது. நூற்றுச் சொச்சம் பக்கம்தான், ஒரே ரயில் பயணத்தில் முடித்துவிட்டேன்.

1985 கிறிஸ்துமஸ் சமயம், அயர்லாந்தில் நியூ ராஸ் என்ற சிற்றூர். கரி வியாபாரி பில் ஃபர்லாங்குக்கு ஐந்து பெண் பிள்ளைகள். கன்னியர் மடத்தில் கரி இறக்கப் போனவர், கரிக்கொட்டகையில் பூட்டிக் கிடந்த ஒரு பெண்ணைப் பார்க்கிறார். அவள் கேட்பது தன் கைக்குழந்தையைப் பற்றி. அவர் மனைவி சொல்வதைத் தமிழில் சொன்னால், 'நமக்கெதுக்கு வம்பு?' அவளையும் குறை சொல்ல முடியவில்லை. பிள்ளைகள் படிக்க வேண்டிய பள்ளிக்கும் மடத்துக்கும் நடுவில் ஒரு சுவர்தான்.

இப்படிப் பெண்களை அடைத்து வைத்துத் துணி வெளுக்க வைத்த மக்தலேனா சலவைக்கூடங்களில் கடைசியானது 1996-இல்தான் மூடப்பட்டதாம். எனக்கு அப்போது பத்து வயது! ரொம்பப் பழைய காலத்துக் கதை என்று நினைத்துப் படித்துக்கொண்டிருந்தேன்.

*

தம்பி, முடிவை மட்டும் சொல்லிவிடாதீர்கள். நான் இன்னும் அந்தக் கரிக்கொட்டகைக் கதவருகில்தான் நிற்கிறேன்.