சென்னைல கேலரிக்குள்ள சும்மா நுழையலாமா? ஓவியம் பாக்க எங்கேருந்து ஆரம்பிக்கறது?

துரைப்பாக்கம்வாசி:

வணக்கம் மக்களே. எனக்கு ஓவியம் பத்தி ஒண்ணும் தெரியாதுன்னு முதல்லயே சொல்லிடறேன். ஸ்கூல்ல டைம்டேபிள்ல ட்ராயிங் பீரியட்னு போட்டிருக்கும், மேத்ஸ் சார் வந்து போர்ஷன் முடிப்பாரு, அதோட நம்ம கலைப்படிப்பும் முடிஞ்சுது.

போன சனிக்கிழமை நுங்கம்பாக்கத்துல பல் டாக்டர பாக்கப் போயிருந்தேன், டோக்கன் வர இன்னும் ஒரு மணி நேரம்னாங்க, சரின்னு பக்கத்துத் தெருவுல நடந்துட்டிருந்தப்ப ஒரு பழைய பங்களா, வாசல்ல சின்னதா கேலரின்னு போர்டு, கண்ணாடி வழியா உள்ள ஒரு பெரிய நீலப் படம் தெரிஞ்சுது. நீலம்னா ஒரே நீலம் இல்ல, கீழ கருநீலமா ஆரம்பிச்சு மேல போகப்போக வெளுத்துட்டே போகுது, நடுவுல ஆளா மரமான்னே தெரியாத ஒரு உருவம். அஞ்சு நிமிஷம் ரோட்லயே நின்னு பாத்தேன். உள்ள போலாம்னா ஏசி ரூம், லேப்டாப்போட ஒரு பொண்ணு, வாசல்ல செக்யூரிட்டி அண்ணன் என் செருப்பையே பாக்கறாரு. போன் வந்த மாதிரி காதுல வெச்சுக்கிட்டு நைசா நகந்துட்டேன். ஆனா வீட்டுக்கு வந்தும் அந்த நீலம் மண்டைக்குள்ளயே நிக்குது.

இதுக்கெல்லாம் டிக்கெட் உண்டா? வாங்க மாட்டான்னு தெரிஞ்சா ஒரு மாதிரி பாப்பாங்களா? எங்க ஆரம்பிச்சா எனக்குப் புரியும்? ஆபீஸ்ல ஒருத்தன் "ஓவியம்லாம் கொச்சி, பெங்களூர்ல பாக்கணும், சென்னைல என்ன இருக்கு"ங்கறான். உண்மையா?

கரித்துண்டு:

தம்பி, கேலரிக்கு டிக்கெட் கிடையாது. கதவத் தள்ளிட்டு உள்ள போங்க, அவ்ளோதான். அந்த லேப்டாப் பொண்ணு காலைலேருந்து ஒரு ஆளக்கூட பாத்திருக்காது, நீங்க போனா அதுக்கே ஒரு ஆறுதல். ரிஜிஸ்டர்ல பேர் எழுதச் சொல்லுவாங்க, எழுதினாலும் சரி எழுதாட்டியும் சரி. விலை கேட்டா தப்பில்ல, கேக்காம இருந்தாலும் தப்பில்ல.

ஆனா முதல் தடவைக்கு பிரைவேட் கேலரி வேண்டாம். கிரீம்ஸ் ரோட்ல மத்திய அரசோட கலை அமைப்பு லலித் கலா அகாடமி ரீஜனல் சென்டர் இருக்கு, அங்க போங்க. அங்க ஹால பெரும்பாலும் ஓவியர்களே வாடகைக்கு எடுத்து ஷோ போடுவாங்க, ஒரு வாரம் போல ஓடும். அதனால என்ன நடக்கும்னா வரைஞ்ச ஆளே மூலைல ஒரு சேர் போட்டு உக்காந்திருப்பான், ரெண்டாவது நாளுக்கு மேல கூட்டமே இருக்காது, வீட்லேருந்து கொண்டு வந்த டிபன் பாக்ஸத் தொறந்துட்டு யாராவது வரமாட்டாங்களான்னு வாசலையே பாத்துட்டிருப்பான். இருபது வருஷம் முன்னாடி அந்த சேர்ல உக்காந்தவன்தான் நான். போய் பேசுங்க. "இதுக்கு என்ன அர்த்தம்"னு மட்டும் ஆரம்பிக்காதீங்க, அந்தக் கேள்வி கேட்டா எங்களுக்கே வாய் கட்டிக்கும். "இத எப்படிப் பண்ணீங்க, எது முதல்ல போட்டீங்க"ன்னு கேளுங்க, அப்புறம் நீங்க வீட்டுக்குக் கெளம்பறதுதான் கஷ்டம்.

தரம் மேல கீழ இருக்கும், அதையும் சொல்லிடறேன். ஒரு ஹால்ல பிரமாதமா இருக்கும், பக்கத்து ஹால்ல காலண்டர் மாதிரி இருக்கும். எது எதுன்னு உங்க கண்ணு தானா பழகும்.

உங்க ஆபீஸ் நண்பருக்கு ஒண்ணு சொல்லுங்க. எழும்பூர்லேருந்து சென்ட்ரல் போற வழில பூந்தமல்லி ஹைரோட்ல இருக்கற நம்ம ஓவியக் கல்லூரி 1850ல அலெக்சாண்டர் ஹண்டர்னு ஒரு டாக்டர் ஆரம்பிச்சது. மெரினா உழைப்பாளர் சிலை தெரியுமில்ல, அதப் பண்ணின தேவி பிரசாத் ராய் சௌத்ரி அங்க பிரின்சிபாலா இருந்தவர். அந்தச் சிலைக்கு காலேஜ் வாட்ச்மேன் ஒருத்தர்தான் மாடலா நின்னாருன்னு எங்க சீனியர்ஸ் சொல்லுவாங்க. தினம் பஸ்ல அதத் தாண்டிப் போறவன் "சென்னைல என்ன இருக்கு"ங்கறான்.

ஈசிஆர்_சைக்கிள்:

துரைப்பாக்கத்துலேருந்துட்டு கேக்கறீங்களே ப்ரோ, உங்களுக்குப் பக்கத்துலதான் இருக்கு சோழமண்டலம், ஓவியர்கள் சேந்து உண்டாக்கின கிராமம். ஈசிஆர்ல இஞ்சம்பாக்கம் ஸ்டாப். நான் ஞாயித்துக்கிழமை காலைல சைக்கிள்ல அந்தப் பக்கம் போவேன், வேர்வை நாத்தத்தோட உள்ள போனேன், யாரும் ஒண்ணும் சொல்லல.

கதை நல்லாருக்கும். கே.சி.எஸ். பணிக்கர்னு ஒரு ஓவியர், கரித்துண்டு அண்ணா சொன்ன ஓவியக் கல்லூரில அப்ப பிரின்சிபாலா இருந்தாரு, பசங்க படிச்சு முடிச்சதும் வேலைக்குப் போய் பிரஷ்ஷ மறந்துடறாங்கன்னு அவருக்குக் கவலை, அதனால ஓவியர்கள் எல்லாம் சேந்து பத்திக் துணி (மெழுகு வெச்சு சாயம் போடறது), கைவினைப் பொருள்னு பண்ணி வித்து அந்தக் காசுல 1966ல அங்க நெலம் வாங்கினாங்க. அப்ப அது வெறும் மணல்காடு. கலை வித்து வீடு கட்டல, கைத்தொழில் வித்து கலைக்கு வீடு கட்டினாங்க, எனக்கு இதுல அதுதான் ரொம்பப் புடிச்ச விஷயம். இப்பவும் சில ஓவியர் குடும்பங்க அங்க இருக்காங்க. 2009லேருந்து உள்ள ஒரு மியூசியம் இருக்கு, மெட்ராஸ் மூவ்மெண்ட்னு சொல்ற, பணிக்கர் காலத்து ஓவியர் தலைமுறையோட வேலையெல்லாம் ஒரே இடத்துல பாக்கலாம், அங்க மட்டும் சின்னதா டிக்கெட் உண்டு. வெளில மரத்தடில சிற்பங்க.

உள்ள உலோகச் சிற்பங்கள விடாதீங்க. பி.வி. ஜானகிராம், எஸ். நந்தகோபால் ரெண்டு பேரோடதும். தாமிரத் தகட்ட அடிச்சு வளைச்சு ஒட்டினது, முன்னாடிலேருந்து பாக்கறதுக்குன்னே பண்ணினது, பின்பக்கம் போனா ஒண்ணும் இருக்காது. முதல்ல இதென்ன அரைகுறையா இருக்குன்னு நெனச்சேன், அப்புறம்தான் தோணுச்சு, நம்ம கோயில்ல மூலவருக்குச் சாத்தற கவசமும் அப்படித்தானே. பணிக்கரோட 'சொற்களும் குறியீடுகளும்' வரிசைல எது மாட்டினாலும் நின்னு பாருங்க, ஜாதகக் கட்டம் மாதிரி இருக்கும், மலையாள எழுத்து மாதிரி பொடிப்பொடியா இருக்கும், ஆனா படிக்க வராது. எங்க அம்மா ஒரு தடவை கண்ணாடிய மாத்தி மாத்திப் போட்டு படிக்கப் பாத்தாங்க :)

இன்னும் கொஞ்சம் தள்ளி முட்டுக்காடு தக்ஷிணசித்ரா மியூசியத்துல வரிஜா கேலரி இருக்கு. செவ்வாய்க்கிழமை போயிடாதீங்க, லீவு.

சந்தேகப்பிராணி:

எல்லாரும் ரொம்ப அழகா சொல்றீங்க, ஆனா கேள்வி கேட்டவர் ஏன் கதவுகிட்டயே திரும்பினாருன்னு யாரும் பேசல. எந்த ஷோவோட ஓப்பனிங்குக்குப் (முதல் நாள் விழா) போனாலும் அதே நூறு நூத்தம்பது மூஞ்சி. ஒருத்தரையொருத்தர் கட்டிப்புடிச்சு "லவ்லி, லவ்லி"ம்பாங்க, கட்லெட் சாப்புடுவாங்க, படத்துக்கு முதுகக் காட்டிட்டு நிப்பாங்க, எட்டரைக்கு கார் எடுத்துட்டுப் போயிடுவாங்க. மார்கழி வந்தா சபாவுல டிக்கெட்டுக்கு அடிச்சுக்கற ஊரு இது, அதே ஊர்ல ஒரு படம் முன்னாடி ரெண்டு நிமிஷம் நிக்க ஆளில்ல.

இன்னொண்ணு, செவுத்துல ஒட்டிருக்கற குறிப்பு பூரா இங்கிலீஷ். அதுவும் சாதா இங்கிலீஷ் இல்ல, எம்.ஏ. படிச்சவனுக்கும் தலை சுத்தற இங்கிலீஷ். வரைஞ்ச ஆளு திருவண்ணாமலைப் பக்கத்துக்காரர், தமிழ்ல பேசினா மழை மாதிரி பேசறாரு, அவர் படத்துக்குப் பக்கத்துல ஒரு வரி தமிழ் கிடையாது. அப்புறம் ஜனங்க வரலன்னா எப்படி வருவாங்க.

பழைய_பேப்பர்:

சந்தேகம் சார் சொன்ன தமிழ்க் குறிப்பு விஷயத்துக்கு நூறு லைக். ஆனா "ஆளில்ல"ங்கறத ஒத்துக்க மாட்டேன். தமிழ்நாட்டுல நவீன ஓவியம் கேலரி வழியா வீட்டுக்குள்ள வரல, பத்திரிகை வழியா வந்துச்சு. ஓவியர் ஆதிமூலம் கோட்டோவியம் இல்லாத சிறுபத்திரிகை உண்டா? புத்தக அட்டை, பத்திரிகைத் தலைப்பெழுத்து எல்லாம் அவர் கை. காந்தி நூற்றாண்டு சமயத்துல அவர் வரைஞ்ச காந்தி படங்களப் பாருங்க, நாலஞ்சு கோடுதான், ஆளு எழுந்து நடப்பாரு. ஓவியர் ட்ராட்ஸ்கி மருது படங்கள நான் எட்டாவது படிக்கறப்பவே வாரப் பத்திரிகைலேருந்து வெட்டி நோட்ல ஒட்டி வெச்சிருந்தேன், அவர் ஓவியக் கல்லூரிக்காரர்னு அப்ப எனக்கு எங்க தெரியும்.

அப்புறம் ஓவியர் இளையராஜா, மியூசிக் டைரக்டர் இல்ல. 2021ல கொரோனாவுல போனாரே, கும்பகோணம் பக்கத்து ஊர்க்காரர். அவர் வரைஞ்ச கிராமத்துப் பொண்ணுங்க முகத்துல ஜன்னல் வெளிச்சம் விழறத வாட்ஸ்அப்ல பாக்காத தமிழன் கெடையாது. அவர் போனப்ப எங்க தெரு இஸ்திரிக்கடைக்காரர் ஸ்டேட்டஸ்ல அந்தப் படம் இருந்துச்சு. கண்ணு இருக்கு சார் ஜனங்களுக்கு. கதவுதான் மூடிருக்கு.

தம்பி, உங்களுக்கு கண்ணகி நகர் ரொம்பக் கிட்ட. 2020லேருந்து அங்க குடியிருப்புச் செவுரெல்லாம் மாடி உயரத்துக்கு ஓவியம். செக்யூரிட்டி கிடையாது, கண்ணாடிக் கதவும் கிடையாது. ஆனா அது ஷோரூம் இல்ல, ஆத்தங்கரைலேருந்தும் மத்த எடத்துலேருந்தும் கொண்டாந்து குடியமர்த்தின ஜனங்க வாழற எடம், துணி காயப்போட்டிருப்பாங்க, பசங்க வெளையாடிட்டிருப்பாங்க, கேட்டுட்டு போட்டோ எடுங்க. செவுத்துக்கு வர்ணம் அடிச்சதுல அவங்க தண்ணிப் பிரச்சனை தீர்ந்துச்சான்னு கேட்டா அது வேற திரெட்.

தாமிரத்தகடு:

நான் எச்சிங் பண்றவ, அதாவது உலோகத் தகட்டுல படம் கீறி அச்சு எடுக்கறவ. ஒரு சின்ன விஷயம் சொல்லிட்டுப் போயிடறேன். என்னைக்காவது வாங்கணும்னு தோணுச்சுன்னா கேன்வாஸ் விலையப் பாத்து பயந்துடாதீங்க, பிரிண்ட் பாருங்க. பிரிண்ட்னா போஸ்டர் கடை பிரிண்ட் இல்ல. தகட்டுல மெழுகு மாதிரி ஒரு பூச்சு போட்டு, ஊசியால கீறி, ஆசிட்ல முக்கி, மை தடவித் தொடச்சு, ஈரக் காகிதத்த வெச்சு பிரஸ்ல ஒவ்வொண்ணா ஓட்டி எடுக்கறது. ஒவ்வொண்ணுக்கும் நான் நாள் பூரா நிக்கணும். கீழ பென்சில்ல 3/25ன்னு எழுதிருக்கும், மொத்தம் 25 எடுத்ததுல இது மூணாவதுன்னு அர்த்தம், வலது பக்கம் கையெழுத்து. ஒரே தகட்டுலேருந்து பல பிரதி வர்றதால அதே ஆளோட பெயிண்டிங்க விட விலை ரொம்பக் கொறைவா இருக்கும். காகித ஓரத்துக்கு உள்ள தகடு அழுந்தின பள்ளம் விரலுக்குத் தட்டுப்படும் (கேட்டுட்டுத் தொடுங்க, இல்லன்னா திட்டு விழும்).

கேலரிய எல்லாரும் திட்டறதால சொல்றேன், வித்த விலைல மூணுல ஒரு பங்குலேருந்து பாதி வரைக்கும் அவங்க எடுத்துப்பாங்க. வாடகை, லைட்டு, ஃப்ரேம், கேட்டலாக் எல்லாம் இருக்கு, நியாயம்தான். ஆனா ஒரு எடத்துல, பேர் வேண்டாம், என்னோட ரெண்டு பிரிண்ட் வித்து, வித்தாச்சுன்னு காட்டற சிவப்புப் பொட்டும் ஒட்டி, என் பங்கு கைக்கு வர ஒம்போது மாசம். போன் பண்ணாலே "மேடம் வெளியூர்ல இருக்காங்க." புள்ளையே பொறந்திருக்கும்.

துரைப்பாக்கம்வாசி:

எல்லாருக்கும் நன்றி, போயிட்டு வந்துட்டேன். ஞாயித்துக்கிழமை சோழமண்டலம், நேத்து சாயங்காலம் கிரீம்ஸ் ரோடு.

சோழமண்டலத்துல பாதி எனக்குப் புரியல, ஆனா அந்தக் கவசம் விஷயம் தெரிஞ்சு போனதால சிற்பத்துக்குப் பின்னாடி போய் போய்ப் பாத்தேன், நெஜமாவே ஒண்ணுமில்ல, வெல்டிங் தழும்புதான். முன்னாடி வந்தா சாமி. கூட வந்த என் பொண்ணு "அப்பா, இது யானையா முருகரா"ன்னு கேட்டா, தெரியலம்மான்னேன், "அப்ப ரெண்டும்"னு அவளே முடிச்சுட்டா.

கிரீம்ஸ் ரோட்ல ஒரு குரூப் ஷோ, அஞ்சு பேர். கரித்துண்டு அண்ணா சொன்ன மாதிரியே மூலைல சேர், சேர்ல ஒருத்தர், மடில டிபன் பாக்ஸ்! "எது முதல்ல போட்டீங்க"ன்னு கேட்டேன். மனுஷன் மூடி போட்டுட்டு எழுந்துட்டாரு. பச்சையா இருந்த ஒரு வயல் படம், அதுக்கு அடில முழுக்க சிவப்பு அடிச்சுட்டு அது மேலதான் பச்சை போட்டாராம், கிட்ட கூட்டிட்டுப் போய் காட்டறாரு, வரப்பு ஓரத்துல நூல் மாதிரி சிவப்பு எட்டிப் பாக்குது. தூரத்துலேருந்து பாத்தப்ப வெயில்னு நெனச்சேன். முக்கால் மணி நேரம் பேசினோம், எனக்கும் ஒரு இட்லி கொடுத்தாரு. விலை கேட்டேன், என்னோட ஒரு மாச வாடகைய விட ஜாஸ்தி, சிரிச்சுட்டே "சும்மா வந்து பாருங்க சார்"னாரு.

அந்த நுங்கம்பாக்கம் கேலரிக்கும் போனேன். கதவத் தள்ளிட்டு உள்ள. செக்யூரிட்டி அண்ணன் வணக்கம் வெச்சாரு. நீலப் படம் இல்ல, ஷோ முடிஞ்சு எறக்கிட்டாங்களாம், யாரு வாங்கினாங்கன்னும் சொல்ல மாட்டாங்களாம். சரி விடுங்க.

ஒரே வருத்தம், இன்னிக்கு லீவு போட்டுட்டு பொண்ணக் கூட்டிட்டு எழும்பூர் மியூசியம் போனேன், ரவிவர்மா ஒரிஜினல் இருக்குன்னு யாரோ சொன்னாங்க. வெள்ளிக்கிழமை லீவாம்ல. தக்ஷிணசித்ராவுக்கு செவ்வாய் லீவுன்னு சொன்னீங்க, இத யாராவது சொல்லிருக்கலாம்ல?

கரித்துண்டு:

சொல்லிருக்கணும் தம்பி, அஞ்சு வருஷம் பக்கத்துலயே படிச்சும் நானே ரெண்டு தடவை அந்த கேட்டப் பாத்துட்டு திரும்பிருக்கேன். சனிக்கிழமை வாங்க, நானும் வரேன். ரவிவர்மாவோட சேத்து வெண்கலச் சிலை கூடத்தையும் பாக்கணும், அதுக்கே அரை நாள் வேணும். பொண்ணுக்கு ஒரு ஸ்கெட்ச் நோட்டும் ரெண்டு பென்சிலும் எடுத்துட்டு வாங்க.