புதுப்பிப்பு: 0.8 மி.மீ. தகட்டுக்குப் பின்னால் பசை பிடித்திருக்கிறதா, அல்ட்ராசோனிக்கில் பார்ப்பது எப்படி?

பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. நாகர்கோவில் பட்டறையில் உள்தகட்டின் மேல் எப்பாக்சி பசை போட்டு ஒட்டி மாற்றிய வண்டியின் பின்சக்கர வளைவு வெளித்தகட்டில், 5 மெகாஹெர்ட்ஸ் புரோப் (ஒலியை உள்ளே அனுப்பி, திரும்பி வரும் எக்கோவைப் பிடிக்கும் முனை) வைத்தால் ஒட்டிய இடமும் ஒட்டாத இடமும் ஒரே குழப்பமாகத் தெரிகிறது என்று கேட்டிருந்தேன்.

கை கொடுத்தது, "முதல் எக்கோவை விடுங்க, வால் எவ்வளவு நீளுதுன்னு பாருங்க" என்ற யோசனைதான். வால் என்றால், ஒலி தகட்டுக்குள் திரும்பத் திரும்ப மோதுவதால் திரையில் தொடர்ந்து வரும் எக்கோ வரிசை. 15 மெகாஹெர்ட்ஸ் டிலே லைன் புரோப் (எக்கோவைச் சற்றுத் தாமதப்படுத்த முனையில் ஒரு துண்டு வைத்தது) இரவல் வாங்கி வைத்ததும் எக்கோக்கள் தனித்தனியாகப் பிரிந்தன. ஸ்டீலுக்குப் பின்னால் காற்று இருந்தால் ஒலி கிட்டத்தட்ட முழுசாகத் திரும்பும், எப்பாக்சி இருந்தாலும் சுமார் 88 சதவீதம் திரும்பிவிடும், அதனால் ஒரே எக்கோவை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. ஆனால் 10 தடவை மோதித் திரும்பினால் அந்த 88 வெறும் 28 ஆகிவிடுகிறது. ஒட்டிய இடத்தில் வால் சட்டென்று அடங்குகிறது, விட்ட இடத்தில் திரை நெடுக ஓடுகிறது.

எதிர்பாராதது ஒன்று. வால் நன்றாக அடங்கிய ஓரிடத்தைப் பிரித்துப் பார்த்தால், பசை வெளித்தகட்டில் மட்டும் வழவழவென்று படிந்திருக்கிறது, உள்தகட்டைத் தொடவே இல்லை! அப்புறம் உள்பக்கமிருந்து உள்தகட்டின் மேல் புரோப் வைத்தபோது, அங்கே வால் நீண்டு, அந்த வகை இடங்களும் பிடிபட்டன. எனவே இரண்டு பக்கமும் பாருங்கள், முக்கியமாக குளச்சல், முட்டம் பக்கம் உப்புக்காற்றில் ஓடுகிற வண்டி என்றால். ஒட்டின் பலத்தை இந்தச் சோதனை சொல்லாது.