புதுப்பிப்பு: ஆர்குளோன் மவுன்ட்டில் லிப்ரே ஆபிஸ் கோப்பு சேமிக்காத சிக்கல் தீர்ந்தது

உதவிய எல்லோருக்கும் நன்றி. போன வாரம் நான் கேட்டது இது: லினக்ஸ் மின்ட்டில் என் கிளவுட் கணக்கை ஆர்குளோன் (rclone, கிளவுட் சேமிப்பைக் கணினியோடு இணைக்கும் நிரல்) வழியாக ஒரு ஃபோல்டராக மவுன்ட் செய்திருந்தேன், அதாவது கணினியிலேயே இருக்கும் ஃபோல்டர் போலத் தெரியும்படி இணைத்திருந்தேன். கோப்புகளைத் திறந்து படிக்கலாம். லிப்ரே ஆபிஸில் திருத்திச் சேமித்தால் மட்டும் பிழை.

ஃபோல்டரின் பெர்மிஷனை மாற்றியும், கிளவுட் கணக்கில் நுழைய ஆர்குளோன் வைத்திருக்கும் டோக்கனைப் புதுப்பித்தும் பலனில்லை. "விஎஃப்எஸ் கேஷ் மோட் என்னவென்று பாருங்க" என்று ஒரே வரி எழுதிய நண்பர்தான் சரியாகப் பிடித்தார். எந்தக் கோப்புகளைக் கணினி வட்டில் தற்காலிகமாக வைப்பது என்று ஆர்குளோனுக்குச் சொல்லும் ஆப்ஷன் அது. நாம் எதுவும் கொடுக்காவிட்டால் அது 'ஆஃப்'. அந்த நிலையில் ஒரு கோப்பைப் படிக்கவும் எழுதவும் ஒரே நேரத்தில் திறக்க முடியாது. மவுன்ட் கட்டளையில் அந்த மோடை 'ரைட்ஸ்' (writes, எழுதும் கோப்புகள் மட்டும் முதலில் வட்டில் தங்கும்) என்று சேர்த்தேன், வேலை முடிந்தது. 'ஃபுல்' என்றால் படிக்கும் கோப்புகளும் வட்டில் தங்கும். எனக்கு அது தேவைப்படவில்லை.

ஒன்று மட்டும் எதிர்பார்க்காதது. கோப்பை மூடி 5 விநாடி கழித்துத்தான் பதிவேற்றமே தொடங்குகிறது. அது தெரியாமல் சேமித்த கையோடு லேப்டாப்பை அணைத்துவிட்டேன். போனில் பார்த்தால் பழைய கோப்பு! வயிற்றைக் கலக்கிவிட்டது. மறுநாள் அதே ஆப்ஷன்களோடு மவுன்ட் செய்ததும் தானாக ஏறிவிட்டது. அதுவரை ஹோமில் மறைந்திருக்கும் கேஷ் ஃபோல்டருக்குள் இருந்திருக்கிறது. இடம் போதவில்லை என்று அதை அவ்வப்போது காலி செய்யும் பழக்கம் எனக்கு உண்டு. நல்லவேளை, அன்று செய்யவில்லை.