லோட் ஷெடிங் முடிந்ததும் ரிலே அனுப்புவதை மற்ற சென்சார்கள் ஏற்பதில்லை, உதவி தேவை

டோங்காட்_கரும்பு:
வணக்கம். டர்பன் அருகே டோங்காட் பக்கம் மாமாவின் கரும்புத் தோட்டத்தில் மண் ஈரம் பார்க்கச் சென்சார் வலை போட்டிருக்கிறேன். 802.15.4 ரேடியோ (குறைந்த மின்சாரத்தில் ஓடும் கம்பியில்லா இணைப்பு), ஏஇஎஸ் குறியாக்கம், எல்லாவற்றுக்கும் ஒரே ரகசியச் சாவி, ஃபர்ம்வேர் (உள்ளே ஓடும் நிரல்) நானே எழுதியது. பேட்டரியில் ஓடுபவை சமர்த்து. பம்ப் ஷெட்டில் கரண்டில் ஓடும் இரண்டு ரிலேக்கள்தான் (செய்திகளை வாங்கிக் கடத்துபவை) தொல்லை. லோட் ஷெடிங் (முறைவைத்த மின்வெட்டு) முடிந்ததும் விளக்கு எரிகிறது, அனுப்பவும் செய்கிறது, ஆனால் மற்றவை எதையும் ஏற்பதில்லை. சில சமயம் ஒரு மணி நேரத்தில் தானே சரியாகிறது, சில சமயம் நாள்கணக்கில் இழுக்கிறது. யாராவது ரேடியோ அலையைக் குழப்பி ஜாம் செய்கிறார்களா?

வெருலம்வாசி:
கரும்பு ஆளுயரம் வந்துவிட்டதா? ஈர இலை 2.4 கிகாஹெர்ட்ஸை நன்றாகக் குடிக்கும்.

டோங்காட்_கரும்பு:
இல்லை அண்ணே, இப்போதுதான் வெட்டினோம். லாகில் 'பழைய எண், நிராகரிப்பு' என்று வருகிறது.

சாட்ஸ்வர்த்_அக்கா:
அப்படியானால் ஜாமர் இல்லை தம்பி. ஒவ்வொரு செய்தியோடும் ஃப்ரேம் கவுண்ட்டர், அதாவது ஏறிக்கொண்டே போகும் வரிசை எண், போகிறது. கரண்ட் போனதும் ரிலே அதை மறந்து பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறது. பக்கத்துச் சென்சார் கடைசியாகப் பார்த்தது 40,000 என்றால், அதைத் தாண்டும்வரை வருவதெல்லாம் அதற்குப் பழைய செய்திதான். அதற்கு முன் ரிலே எவ்வளவு காலம் தொடர்ந்து ஓடியதோ, மீளவும் ஏறக்குறைய அவ்வளவு ஆகும்.

ஃபீனிக்ஸ்_பையன்:
பழைய எண்ணா என்று பார்க்கும் அந்தச் சோதனையையே எடுத்துவிடுங்கள். நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

சாட்ஸ்வர்த்_அக்கா:
ஐயோ, வேண்டவே வேண்டாம்! 'வால்வைத் திற' என்று போன செய்தியை வேலிக்கு வெளியே ஒருவன் பதிவு செய்து ராத்திரி திரும்ப விட்டால், சாவி தெரியாமலே தண்ணீரைத் திறந்துவிடலாம்.

இன்னொன்று, இதுதான் பெரிய ஓட்டை. அதே ரிலே அதே சாவியோடு அதே எண்ணைத் திரும்பப் பயன்படுத்தினால் இரண்டு செய்திகளுக்கும் ஒரே மறைப்பு விழும். இரண்டையும் எக்ஸார் செய்தால் (பிட் பிட்டாக ஒப்பிட்டுக் கலந்தால்) மறைப்பு நீங்கிவிடும். ஒன்றில் இருப்பது தெரிந்தால் மற்றதும் தெரியும். கரண்ட் வரும்போதெல்லாம் உங்களுக்கு இது நடந்திருக்கும். அதனால் சாவியையும் மாற்றுங்கள்.

எண்ணை ஒவ்வொரு முறையும் ஃபிளாஷில் (கரண்ட் போனாலும் அழியாத நினைவகம்) எழுதினால் ஃபிளாஷ் தேய்ந்துவிடும். அதனால் 1,000 எண் தள்ளி முன்கூட்டியே எழுதுங்கள்: 40,000இல் இருக்கும்போது 41,000 என்று சேமித்து, அதைத் தொடும் முன் 42,000. ரீபூட் ஆனால் சேமித்த எண்ணிலிருந்து தொடங்கும். நடுவில் சில எண்கள் வீணாகும், போகட்டும். 32 பிட் கவுண்ட்டர், 400 கோடிக்கு மேல் இடமிருக்கிறது.

டோங்காட்_கரும்பு:
போட்டுப் பார்த்தேன் அக்கா. நேற்று கரண்ட் போய் வந்ததும் இரண்டு ரிலேயும் உடனே சேர்ந்துகொண்டன. ஒரு சந்தேகம்: புதுச் சாவியை ரேடியோவிலேயே அனுப்பலாமா?

சாட்ஸ்வர்த்_அக்கா:
பழைய சாவியால் மூடி அனுப்பாதீர்கள், அதைத்தானே நம்ப முடியவில்லை. லேப்டாப்பை எடுத்துக்கொண்டு தோட்டத்தைச் சுற்றி வாருங்கள். அப்படியே ஒவ்வொரு சென்சாருக்கும் தனிச் சாவி போட்டுவிடுங்கள். ஒன்றை எவனாவது பிடுங்கிக்கொண்டு போனாலும் மற்றவை தப்பும்.