பொங்கலுக்கு அடுத்த ஞாயிறு: சித்தன்னவாசலுக்குச் சைக்கிளில்

(எங்கள் குடும்பக் குழுவில் வந்த செய்திகள். தங்கச்சி என்பது சித்தப்பா, சித்தியின் மகள்.)

ஞாயிறு

அண்ணன்: சைக்கிளில் 300 கி.மீ. முடித்துவிட்டேன். 20 மணி நேரக் கெடுவுக்குள் வந்து சேர்ந்தாயிற்று. கால் வலியைத் தவிர வேறு ஒன்றுமில்லை.

அத்தை: முருகா! முதலில் சாப்பிட்டாயா?

அண்ணன்: சாப்பிட்டேன் அத்தை. தயிர்சாதம், இரண்டு தடவை.

அப்பா: நல்லது தம்பி. ராத்திரி முழுக்கச் சாலையில் இருக்கிறான் என்று உங்கள் அம்மா தூங்கவே இல்லை. இனிமேல் நடுவில் ஒரு தடவையாவது போன் செய்துவிடு.

அண்ணன்: செய்கிறேன் அப்பா.

அத்தை: 300 கிலோமீட்டரா! சென்னையில் கிளம்பினால் திருச்சியை நெருங்கியிருப்பாயே. எத்தனையாவதாக வந்தாய் மருமகனே?

அண்ணன்: இதில் எத்தனையாவது என்பதே கிடையாது அத்தை. பந்தயம் இல்லை இது. பிரெவே என்பார்கள், பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கியது. 200 கி.மீ.க்கு 13 மணி 30 நிமிடம், 300-க்கு 20 மணி, 400-க்கு 27, 600-க்கு 40. வழியில் சில இடங்களில் கையில் இருக்கும் அட்டையில் முத்திரை வாங்க வேண்டும். ஒவ்வொரு இடத்துக்கும் திறக்கும் நேரம், மூடும் நேரம் உண்டு. முடிவில் பெயர்ப் பட்டியல் வரும், அதுவும் அகர வரிசையில்தான். வேகமாக வந்தவரும் கெடு முடிய ஒரு நிமிடம் இருக்கும்போது வந்தவரும் அந்தப் பட்டியலில் ஒன்றுதான்.

சித்தப்பா: வழியில் டயர் போனால்? பின்னால் கார் வருமா?

அண்ணன்: வரக்கூடாது சித்தப்பா. பஞ்சர் ஆனால் நாமே ஒட்ட வேண்டும், பசித்தால் வழியில் இருக்கும் டீக்கடைதான். இரவில் முன்விளக்கு, பின்னால் சிவப்பு விளக்கு, வெளிச்சம் பட்டால் மின்னும் மேல்சட்டை எல்லாம் கட்டாயம். இல்லையென்றால் கிளம்பவே விடமாட்டார்கள்.

சித்தப்பா: இவ்வளவு கஷ்டம் எதற்கப்பா?

அண்ணன்: 2027 ஆகஸ்டில் பாரிஸ்-பிரெஸ்ட்-பாரிஸ் இருக்கிறது. பாரிஸிலிருந்து கடற்கரை ஊரான பிரெஸ்டுக்குப் போய்த் திரும்ப வேண்டும். ஏறத்தாழ 1,200 கி.மீ., அதிகபட்சம் 90 மணி நேரம். நான்கு வருடத்துக்கு ஒரு முறைதான் நடக்கும். 1891-இலேயே தொடங்கியது, டூர் டி பிரான்ஸ்கூட 1903-இல்தான் வந்தது. அந்த வருடத்திலேயே 200, 300, 400, 600 நான்கையும் முடித்தவர்களுக்குத்தான் அனுமதி. இப்போது ஓட்டுவதெல்லாம் அதற்குப் பழகத்தான். கஷ்டம் என்று தோன்றவில்லை சித்தப்பா. விடியும்போது ஊர் ஊராக வெளிச்சம் வருவதைச் சைக்கிளில் இருந்து பார்க்கிற மாதிரி வேறு எதிலிருந்தும் பார்க்க முடியாது.

அத்தை: முதல், கடைசி இல்லாத ஓட்டத்தில் நானும் இருந்திருக்கிறேன். கொஞ்சம் பொறு, பெரிதாக எழுதுகிறேன்.

அத்தை: 1991-இல் அறிவொளி எழுத்தறிவு இயக்கம் நம் புதுக்கோட்டை மாவட்டத்துக்கு வந்தது. ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தார். எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்ததோடு பெண்களுக்குச் சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். அதற்கு முன்னால் நம் பக்கத்தில் ஒரு பெண் சைக்கிள் மிதித்தால் தெருவே நின்று பார்க்கும், வாய்க்கு வந்ததைப் பேசும். வயல் வேலை முடித்து வந்தவர்கள், கல் குவாரியில் வேலை பார்த்தவர்கள், அங்கன்வாடி டீச்சர்கள் என்று எல்லோரும் ஒரு சைக்கிளைச் சுற்றி வரிசையில் நிற்போம். லேடீஸ் சைக்கிள் கிடைப்பது கஷ்டம். அதனால் புடவையைச் செருகிக்கொண்டு ஜென்ட்ஸ் சைக்கிளிலேயே பழகினோம். அப்புறம் பல பேர் அதுவே வசதி என்றார்கள். பாரில் பிள்ளையை உட்கார வைக்கலாம், கேரியரில் தண்ணீர்க் குடத்தைக் கட்டலாம்.

அத்தை: 1992 மார்ச் 8 மகளிர் தினம். ஹேண்டில்பாரில் கொடி கட்டி, பெல் அடித்துக்கொண்டு 1,500 பேருக்கு மேல் புதுக்கோட்டைக்குள் போனோம். அன்றைக்கு யாரும் எத்தனையாவது என்று கேட்கவில்லை. விழுந்தவளைத் தூக்கிவிட்டுத்தான் அடுத்தவள் போனாள். அதற்குப் பிறகு எனக்கு ஓர் இடத்துக்குப் போக வேண்டுமென்றால் பஸ்ஸையோ வீட்டு ஆண்களையோ எதிர்பார்க்கவில்லை. இன்றைக்கு வரைக்கும் எதிர்பார்க்கவில்லை.

அப்பா: கீழ ராஜ வீதியில் ஓரமாக நின்று உன்னைத் தேடினேன். கூட்டத்தில் கண்டுபிடிக்க முடியவில்லை. பார்த்தவர்கள் பேச்சே மாறிப் போனது அன்றைக்கு.

தங்கச்சி: அத்தை, இதை என்னிடம் சொன்னதே இல்லையே! எங்கள் வகுப்பில் எல்லோருக்கும் பிளஸ் ஒன்னில் அரசு சைக்கிள் கொடுத்தார்கள். பெண்கள் எல்லோரும் அதில்தான் வருகிறோம். இப்படி ஒரு கதை இதே ஊரில் நடந்தது என்று யாருக்குமே தெரியாது.

நான்: பொங்கலுக்கு எல்லோரும் ஊரில்தானே இருப்போம்? காணும் பொங்கல் முடிந்து வருகிற ஞாயிறு காலையில் குடும்பமாகச் சைக்கிளில் போகலாமா? அத்தை முன்னால் போகட்டும்.

தங்கச்சி: நான் வருகிறேன்!!

அத்தை: சித்தன்னவாசல் போகலாம். 16 கிலோமீட்டர்தான்.

அண்ணன்: அங்கிருந்து அன்னவாசல், குடுமியான்மலை, அப்புறம் புதுக்கோட்டை என்று ஒரு சுற்றாகப் போடலாம். மொத்தம் 50-க்குள் வரும். திருச்சி நெடுஞ்சாலையைத் தொடாமலே முடித்துவிடலாம், லாரித் தொல்லை இருக்காது.

நான்: சித்தன்னவாசலில் ஒரு மணி நேரமாவது வேண்டும். அறிவர் கோயில் கூரையில் இருக்கும் தாமரைக் குளத்து ஓவியத்தைத் தங்கச்சி பார்த்ததில்லை. ஏழடிப்பட்டம் ஏறினால் சமணர் படுக்கைகளும் தமிழ்ப் பிராமி எழுத்தும் இருக்கின்றன.

அப்பா: எல்லாம் சரி. ஆனால் அத்தைக்கு முட்டி வலி இருக்கிறது. மார்க்கெட்டுக்குப் போய் வருவது வேறு, 50 கிலோமீட்டர் வேறு. அவளை இழுத்துக்கொண்டு போகாதீர்கள்.

அத்தை: அண்ணா, என்னை யாரும் இழுக்க வேண்டாம்.

அண்ணன்: அத்தை, உங்கள் சைக்கிளில் உட்கார்ந்து ஒரு காலைக் கீழ்ப் பெடலில் வைத்துப் பக்கவாட்டில் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள்.

அத்தை: (படம்)

அண்ணன்: நினைத்தேன். சீட் ரொம்பக் கீழே இருக்கிறது. பெடல் அடியில் இருக்கும்போது முட்டி லேசாகத்தான் மடங்க வேண்டும். உங்களுக்குப் பாதியாக மடங்கி நிற்கிறது. அப்படி மிதித்தால் முட்டியின் முன்பக்கம் கட்டாயம் வலிக்கும். சைக்கிள் கடையில் சொல்லி முதலில் ஒரு அங்குலம் ஏற்றுங்கள். இரண்டு நாள் ஓட்டிப் பார்த்து இன்னும் கொஞ்சம் ஏற்றலாம். நிறுத்தும்போது கால் விரல் நுனி தரையில் பட்டால் போதும்.

அத்தை: நாளைக்கே ஓவராயிலுக்குக் கொடுக்கிறேன். செயினும் தொங்குகிறது, பின்சக்கரத்தில் கோட்டமும் இருக்கிறது.

சித்தி: நீங்கள் எல்லோரும் போய்விட்டு வாருங்கள். நான் பொங்கல், சாம்பார், வடை செய்து வைத்திருக்கிறேன். எனக்குச் சைக்கிளே ஓட்டத் தெரியாது.

அத்தை: வடை கடையில் கிடைக்கும். நீ நாளைக்குச் சாயங்காலம் என் வீட்டுக்கு வா.

சித்தி: அண்ணி, 43 வயதில் விழுந்து கையை உடைத்துக்கொண்டால் யார் பார்ப்பது? தெருவில் எல்லோரும் வேடிக்கை பார்ப்பார்கள்.

அத்தை: 1991-இல் பார்க்காத வேடிக்கையா? என்னோடு கற்றுக்கொண்டவர்களில் பேரப்பிள்ளை எடுத்தவர்களும் இருந்தார்கள். உன்னைவிடப் பயந்தவர்கள்தான் முதலில் ஓட்டினார்கள். பின்னால் கேரியரைப் பிடித்துக்கொண்டு நான் ஓடி வருகிறேன்.

சித்தப்பா: நீ போய்ப் பார். சமையலை நானும் என் அண்ணனும் பார்த்துக்கொள்கிறோம்.

அண்ணன்: சித்தி, கேரியர் பிடிப்பதைவிடச் சுலபமான வழி ஒன்று இருக்கிறது. தங்கச்சியின் சைக்கிளில் இரண்டு பெடலையும் கழற்றிவிடுங்கள். சீட்டை அடிவரை இறக்கினால் இரண்டு பாதமும் தரையில் படும். உட்கார்ந்தபடியே காலால் உந்தி உந்திப் போங்கள். விழ வாய்ப்பே குறைவு, பாதம்தான் தரையில் இருக்கிறதே. உந்திவிட்டுக் காலைத் தூக்கினால் சைக்கிள் கொஞ்ச தூரம் தானாக உருளும். அந்தத் தூரம் கூடக் கூட சமநிலை வந்துவிடும். அதற்குப் பிறகு பெடலை மாட்டிச் சீட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினால் போதும்.

அண்ணன்: தங்கச்சி, கழற்றும்போது ஒன்றைக் கவனி. இடது பெடலின் மரை எதிர்ப்பக்கம் இருக்கும். கடிகாரம் சுற்றுகிற பக்கம் திருப்பினால்தான் கழலும். வலது பெடல் வழக்கம்போல. தெரியாமல் பலம் கொடுத்தால் மரை போய்விடும்.

தங்கச்சி: சரி அண்ணா. ஸ்பேனர் அப்பாவிடம் இருக்கிறது.

புதன்

தங்கச்சி: அம்மா மைதானத்தின் ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரை கால் படாமல் உருட்டினாள்!! பெடல் இன்னும் போடவில்லை.

அத்தை: மெதுவாகக் கற்றுக்கொள்கிறாள், ஆனால் பயம் போய்விட்டது. பிரேக்கைப் பிடிக்கப் பழக்கிவிட்டேன். பக்கத்து வீட்டு டீச்சரும் வந்து நின்று பார்த்துவிட்டு நாளைக்கு நானும் வரட்டுமா என்று கேட்டிருக்கிறார்.

நான்: அத்தை, இது அடுத்த அறிவொளி.

அத்தை: வரட்டும். இரண்டு பேர் சேர்ந்து கற்றால் வெட்கம் பாதியாகக் குறையும்.

சனி

சித்தி: இன்றைக்குப் பெடலோடு ஓட்டினேன். திரும்பும்போதுதான் தடுமாறுகிறது. நேராகப் போகிறேன். எனக்கே நம்ப முடியவில்லை.

அப்பா: வாழ்த்துகள் அம்மா. ரொம்பச் சந்தோஷமாக இருக்கிறது.

அண்ணன்: அருமை சித்தி! திரும்பும்போது முன்சக்கரத்தைப் பார்க்காதீர்கள், போக வேண்டிய இடத்தைப் பாருங்கள். கண் போகிற பக்கம் சைக்கிள் போகும். அடுத்த வாரம் ஆள் நடமாட்டம் குறைந்த தெருவில், காலையில் மட்டும், அத்தையோடு போய்ப் பழகுங்கள்.

சித்தி: ஆனால் 50 கிலோமீட்டர் என்னால் முடியாது.

அண்ணன்: முடிய வேண்டிய அவசியமே இல்லை. சித்தப்பா குட்டியானையை நம் பின்னால் கொண்டுவரட்டும். பிரெவேயில்தான் வண்டி கூடாது, இது நம் வீட்டு ஓட்டம். ஊரைத் தாண்டிய பிறகு நீங்கள் சேர்ந்துகொள்ளலாம். 3 கிலோமீட்டர் ஓட்டினாலும் சரி, போதும் என்று தோன்றும் இடத்தில் சைக்கிளை ஏற்றிவிடலாம்.

சித்தப்பா: நான் தயார்.

அண்ணன்: இப்போது எல்லோருக்கும் பொதுவாகச் சில விஷயங்கள். தை மாதத்தில் 6.30 தாண்டித்தான் சூரியன் வரும். விளக்கு இல்லாத சைக்கிள்கள் இருப்பதால் நன்றாக வெளிச்சம் வந்த பிறகு கிளம்புவோம், இருட்டில் வேண்டாம். ஒற்றை வரிசை, இடது ஓரம். குழி இருந்தால் முன்னால் போகிறவர் கையைக் காட்ட வேண்டும், பின்னால் இருப்பவர்களும் அதையே காட்ட வேண்டும். தாகம் எடுப்பதற்கு முன்பே தண்ணீர் குடியுங்கள்.

அண்ணன்: காற்றைப் பற்றி முக்கியமாகச் சொல்ல வேண்டும். அந்தச் சமயத்தில் வடகிழக்குக் காற்று இருக்கும். போகும்போது அவ்வளவாகத் தெரியாது. குடுமியான்மலையிலிருந்து கிழக்கே வீட்டுக்குத் திரும்பும்போதுதான் வாடை முகத்தில் அடிக்கும், வெயில் ஏற ஏற அது வலுக்கும். காலையில் உற்சாகத்தில் வேகமாகப் போனவர்கள் அந்த 20 கிலோமீட்டரில்தான் மாட்டிக்கொள்வார்கள். கியர் உள்ளவர்கள் லேசான கியரில் சுழற்றுங்கள், அழுத்தி மிதிக்காதீர்கள். நானும் தங்கச்சியும் மாறி மாறி முன்னால் போய்க் காற்றைத் தடுக்கிறோம், அத்தை எங்கள் பின்னால் வரலாம்.

அத்தை: முன்னால் நான் போவேன் என்று முடிவாகிவிட்டதே.

நான்: சித்தன்னவாசல் வரைக்கும் அத்தை முன்னால், காற்று வரும் இடத்தில் அண்ணன் முன்னால். சரியா?

அத்தை: அது நியாயம்.

அப்பா: கடைசியில் யார்?

அண்ணன்: அந்த எதிர்க்காற்றுப் பகுதி வரும்வரை நான்தான் அப்பா. சென்னையில் ஞாயிற்றுக்கிழமை கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகும் எங்கள் கூட்டத்தில் புதிதாக வருகிறவரைத் தனியாக விடவே மாட்டோம். பழகிய ஒருவர் எப்போதும் அவருக்குப் பின்னால் வருவார். நான் சேர்ந்த முதல் ஞாயிறு கோவளம் தாண்டி எனக்கு மூச்சு வாங்கியபோது, பெயர்கூடத் தெரியாத ஒருவர் என் வேகத்துக்குத் தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டு கூடவே வந்தார். அவர் வராமல் இருந்திருந்தால் நான் அடுத்த வாரம் போயிருக்க மாட்டேன்.

அப்பா: சரி. அப்படியானால் எனக்கும் ஒரு சைக்கிள் பாருங்கள். சித்தன்னவாசல் வரைக்கும் வருகிறேன், திரும்பும்போது உன் சித்தப்பாவோடு வண்டியில் வந்துவிடுகிறேன்.

அத்தை: அண்ணா!!!

சித்தப்பா: பரணில் நம் அப்பாவின் பழைய சைக்கிள் கிடக்கிறது. டயர், டியூப் மாற்றி பால்ரஸ் போட்டால் ஓடும். இன்றைக்கே இறக்குகிறேன்.

அண்ணன்: பிரேக் கட்டையையும் புதிதாகப் போடச் சொல்லுங்கள் சித்தப்பா. அப்பாவுக்கு, சித்திக்கு, தங்கச்சிக்கு, அத்தைக்கு நான்கு ஹெல்மெட் இங்கிருந்து வாங்கி வருகிறேன். புருவத்துக்கு ஒரு விரல் மேலே டேப்பைச் சுற்றித் தலையின் அளவைச் சென்டிமீட்டரில் அனுப்புங்கள்.

தங்கச்சி: எனக்கு 54.

அத்தை: 55. கொண்டையோடு அளந்தால் அதிகம் வருகிறது, கொண்டையை இறக்கிப் போட்டு அளந்தேன்.

அப்பா: 58.

சித்தி: 56. பச்சை நிறம் கிடைத்தால் பச்சை.